கடையில் வாங்கிய ஸ்ட்ரோம்போலி சொதப்பினால்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

"மேல நல்லா செவந்திருக்கு, அடியில பச்சை மாவு ஒட்டுது. ரொட்டி கோளாறா, ஓவன் கோளாறா?" அமெரிக்காவில் இருக்கும் சொந்தக்காரர்களும் நண்பர்களும் எனக்கு அனுப்பும் படங்களில் பாதி இந்தக் கேள்வியோடுதான் வருகின்றன. படத்தில் இருப்பது ஸ்ட்ரோம்போலி. பீட்சா மாவை விரித்து, மொசரெல்லா சீஸ், பெப்பரோனி என்கிற காரமான உலர் இறைச்சி வில்லைகள், சிலவற்றில் ஹாம் (பதப்படுத்திய பன்றித்தொடை), சாலமி எல்லாம் பரப்பி, பாய் சுருட்டுவது போலச் சுருட்டிச் சுடுகிற ரொட்டி. அமெரிக்காவில் குடியேறிய இத்தாலியர்களின் பண்டம் இது. பிலடெல்பியாவை ஒட்டிய எஸ்ஸிங்டனில், ரொமானோ என்பவரின் பீட்சாக் கடையில் 1950-இல் பிறந்தது என்று அந்தப் பக்கத்தில் சொல்வார்கள். இப்போது தள்ளுபடி மளிகைக் கடைகள் சொந்த முத்திரையில் போட்டுக் குளிர்ப்பெட்டியில் அடுக்கி வைக்கின்றன. கடைத் தள்ளுவண்டியின் பூட்டைத் திறக்க 25 சென்ட் காசு செருகி உள்ளே போகிறவர்கள், பீட்சா எடுக்கிற கையோடு இதையும் ஒன்று எடுத்துப் போட்டுக்கொள்கிறார்கள்.

விலை குறைவு என்பதால் எது நடந்தாலும் பழி ரொட்டி மேல் விழுகிறது. நான் பார்த்த வரையில் பெரும்பாலும் தப்பு ரொட்டியில் இல்லை. கீழிருந்து சூடு போதவில்லை, அல்லது ஈரம் வெளியேற வழியில்லை. உங்கள் அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத காரணம் முதலில், செலவு வைக்கிற காரணம் கடைசியில். டிகிரி எல்லாம் ஃபாரன்ஹீட்.

## எந்த அறிகுறியானாலும் முதலில் பெட்டியைப் புரட்டுங்கள்

உங்கள் கையில் இருப்பது பச்சை மாவா, ஏற்கெனவே சுட்டதா? இது தெரியாமல் மேலே போக முடியாது.

பச்சை மாவு என்றால் வெளிறிப்போய், அழுத்தினால் விரல் பதியும். நன்றாக வேகவைத்த பிறகே உண்ணவும் என்று பெட்டியில் போட்டிருக்கும். உள்ளே இருக்கும் இறைச்சி வெந்ததாகவே இருந்தாலும் மாவு வேகாதது. பச்சை மைதாவில் ஈ.கோலை, சால்மோனெல்லா போன்ற கிருமிகள் இருக்கலாம் என்பதால் அரைவேக்காட்டில் வாயில் வைக்கக் கூடாது. நடுப்பகுதி 190 டிகிரியைத் தாண்டினால்தான் மாவு ரொட்டியானது என்று அர்த்தம்.

சுட்ட வகையில் மேல்தோல் ஏற்கெனவே நிறம் மாறியிருக்கும். அதைச் சூடாக்கினால் போதும், நடுவில் 165 டிகிரி வர வேண்டும்.

ஃப்ரீசரில் இருந்து எடுத்தது இரண்டில் எதுவாகவும் இருக்கலாம். உறைந்தபடியே ஓவனில் வைக்கச் சொல்கிறார்களா, ஃப்ரிட்ஜில் வைத்து இளக்கிய பிறகா என்பதையும் படித்துவிடுங்கள். இரண்டுக்கும் நேரம் ரொம்பவே மாறும்.

இதற்கு இரண்டு தெர்மாமீட்டர் வேண்டும். ஒன்று ரொட்டிக்குள் குத்திப் பார்ப்பது, இன்னொன்று ஓவன் கம்பியில் மாட்டுவது. இரண்டும் பெரிய விலை இல்லை. இவை இல்லாமல் டெக்னீஷியனைக் கூப்பிடுவது வீண்.

## அடி வெளுத்து, சொதசொதவென்று இருக்கிறது

எனக்கு அதிகம் வரும் புகார் இதுதான். காரணங்களும் இதற்குத்தான் அதிகம்.

### ஓவன் முழுதாகக் காயவில்லை

பீப் சத்தம் கேட்டதும் உள்ளே தள்ளிவிடுகிறோம். உள்ளே இருக்கும் காற்று அந்தச் சூட்டைத் தொட்டுவிட்டது என்பதற்கு மேல் அந்தச் சத்தத்துக்குப் பொருள் கிடையாது. கம்பித் தட்டும் சுவர்களும் இன்னும் பின்தங்கியிருக்கும். கதவைத் திறந்ததும் அந்தக் காற்றில் பாதி வெளியே போய்விடும். பீப்புக்குப் பிறகு 15 நிமிடம் விட்டு வைத்துப் பாருங்கள். பாதிப் பேருக்குப் பிரச்சினை இதோடு முடிந்துவிடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம்மவர் வீடுகளில் ஓவன் பாதி நாள் பாத்திர அலமாரிதான். வாணலியும் குக்கரும் அடுக்கியபடியே சூடாக்கினால் கைப்பிடி உருகும், ரொட்டிக்குப் போக வேண்டிய சூட்டை அந்த இரும்பும் அலுமினியமும் வாங்கிக்கொள்ளும். ஆன் செய்யும் முன் கதவைத் திறந்து பார்ப்பது நல்ல பழக்கம்.

### அடியில் இருப்பது சூட்டைத் தடுக்கிறது

பெட்டிக்குள் ரொட்டிக்கு அடியில் ஒரு அட்டை வரும். ஓவனில் வைக்கலாம் என்று அதன் மேல் எழுதியிருந்தாலொழிய அதை எடுத்துவிடுங்கள். தீப்பிடிக்கவில்லை என்றாலும், அடிக்குச் சூடே போகாது.

ட்ரே பளபளக்கும் அலுமினியமாக இருந்தால் அடி சிவக்க நேரமாகும். கறுத்த இரும்பு ட்ரே சீக்கிரம் சிவக்க வைக்கும். கண்ணாடிப் பாத்திரம் வேண்டவே வேண்டாம். சூடு ஏற நேரமெடுக்கும் என்பது ஒருபுறமிருக்க, உறைந்த ரொட்டியை அதில் வைத்துச் சூட்டில் தள்ளினால் வெடிக்கவும் கூடும்.

இதற்கு நம் வீட்டிலேயே இருக்கும் நல்ல கருவி தோசைக்கல். கனத்த இரும்புக் கல்லாக இருக்க வேண்டும், மரப்பிடி, பிளாஸ்டிக் பிடி, நான்ஸ்டிக் பூச்சு எதுவும் ஆகாது. கல்லைக் கீழ்த்தட்டில் வைத்து ஓவனோடு சேர்த்தே அரைமணி நேரம் காயவிடுங்கள். ரொட்டியை பார்ச்மென்ட் பேப்பர் (ஒட்டாத பேக்கிங் தாள்) மேல் வைத்து, பேப்பரோடு தூக்கி அதன் மேல் இறக்குங்கள். காதைக் கொஞ்சம் கிட்டே கொண்டுபோனால் சுர்ரென்று மெல்லிய சத்தம் கேட்கும். ரொட்டி அடியில் இருந்த ஈரம் ஆவியாகிப் போகிற சத்தம் அது. பத்து நிமிடம் கழித்துப் பேப்பரின் ஒரு மூலையைத் தூக்கிப் பார்த்தால், அடியில் தோசை முறுகும்போது தெரிகிற அதே பழுப்புப் புள்ளிகள் தெரிய ஆரம்பித்திருக்கும். தெரிந்ததும் பேப்பரை உருவிவிட்டு நேராகக் கல் மேலேயே மீதி நேரம் வேகவிடலாம்.

பார்ச்மென்ட் பேப்பர் எத்தனை டிகிரி தாங்கும் என்று அதன் டப்பாவில் இருக்கும். பலவற்றுக்கு 420 முதல் 450 வரைதான் கணக்கு. மெழுகுத்தாள் பார்க்க அதே மாதிரி இருந்தாலும் ஓவனுக்கு ஆகாது.

### ரொட்டியிலேயே தண்ணீர்

பிளாஸ்டிக் உறைக்குள்ளேயே இளகவிட்டால் உறைபனி எல்லாம் தண்ணீராகி அடியில் தேங்கும். அந்த ஈரத்தோடு வைத்தால் முதல் கால் மணி நேரம் ஓவன் அந்தத் தண்ணீரை விரட்டுவதிலேயே போய்விடும். ஃப்ரிட்ஜில் இளக்கும்போது உறையைப் பிரித்து, ஒரு கம்பித் தட்டின் மேல் வைத்து, தளர்வாக மூடுங்கள். வைக்கும் முன் அடியை டிஷ்யூவால் ஒற்றி எடுங்கள்.

மேலே கத்தியால் கீறல் இருக்கிறதா பாருங்கள். கடைச் சரக்கில் பெரும்பாலும் இருக்கும், ஆனால் சில நேரம் மாவு உப்பி அடைந்துபோயிருக்கும். மாவு கொஞ்சம் இளகியதும் இரண்டு அங்குலத்துக்கு ஒரு கீறல் போடுங்கள், முதல் சீஸ் அடுக்கு கண்ணில் படும் ஆழத்துக்கு. உள்ளே எழும் ஆவி அந்த வழியாக மேலே போகட்டும். வழியில்லை என்றால் கீழே இறங்கி அடி மாவை நனைக்கும்.

மரினாரா என்கிற தக்காளி சாஸை மேலே ஊற்றிச் சுடுகிறவர்களும் உண்டு. சாஸ் தனியாகச் சூடாக்கித் தொட்டுக்கொள்ள வேண்டியது.

### ஓவன் அடித்தளத்தில் ஃபாயில்

சுத்தமாக இருக்கட்டும் என்று ஓவனின் அடித்தளம் முழுக்க அலுமினியம் ஃபாயில் விரித்து வைத்திருக்கும் வீடுகள் நிறைய. எடுத்துவிடுங்கள். கீழிருந்து வரும் சூட்டையும் காற்றோட்டத்தையும் அது மறைக்கிறது, சில மாடல்களில் எனாமலோடு உருகி ஒட்டிக்கொண்டு நிரந்தரக் கறையாகிவிடும்.

### காட்டுகிற டிகிரியும் உள்ளே இருக்கிற டிகிரியும் வேறு

தொங்கும் தெர்மாமீட்டரை நடுத்தட்டின் மத்தியில் மாட்டி, 400 வைத்து, அரைமணி நேரம் விடுங்கள். பிறகு பத்து நிமிட இடைவெளியில் மூன்று நான்கு முறை கண்ணாடி வழியாகவே படியுங்கள். கதவைத் திறந்து படித்தால் கணக்குத் தப்பும். ஓவன் சூடேறி இறங்கி ஏறுகிற சாதனம் என்பதால் 15, 20 டிகிரி ஆடுவது இயல்பு. சராசரியைத்தான் பார்க்க வேண்டும்.

சராசரி 370 என்று வந்தால் ஓவன் 30 டிகிரி குறைவாக ஓடுகிறது. டிஜிட்டல் பேனல் உள்ள பல ஓவன்களில் 35 டிகிரி வரை கூட்டவோ குறைக்கவோ வசதி உண்டு. எந்தப் பொத்தானை எத்தனை வினாடி அழுத்துவது என்பது மாடலுக்கு மாடல் மாறும், கையேட்டில் இருக்கும். அதை மாற்ற மனமில்லை என்றால் அந்த 30-ஐ நீங்களே கூட்டி வைத்துக்கொண்டால் போயிற்று. 50 டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருந்தாலோ, ஒரு நாள் அதிகம் மறுநாள் குறைவு என்று ஆடினாலோ, சூட்டை அளக்கும் சென்சார் போயிருக்கலாம். அது டெக்னீஷியன் வேலை.

### கீழ்ச் சூடே வரவில்லை

இவ்வளவும் பார்த்த பிறகும் அடி வெள்ளையாகவே இருக்கிறதென்றால் இதுதான் மிச்சம்.

மின்சார ஓவன்: பேக் மோடில் வைத்து ஐந்து நிமிடம் கழித்துக் கீழே பாருங்கள். எலிமென்ட் (சூடேற்றும் கம்பி) கண்ணில் படுகிற மாடல் என்றால் முழு நீளமும் சிவக்க வேண்டும். ஒரு பகுதி மட்டும் சிவந்தாலோ, எங்காவது கொப்புளமோ வெடிப்போ தெரிந்தாலோ அது போய்விட்டது. பல ஓவன்கள் முதலில் சூடேற்றும்போது மேல் எலிமென்ட்டையும் சேர்த்தே போடும். அதனால் கீழ் எலிமென்ட் செத்திருந்தாலும் ஓவன் சூடாவது போலத்தான் தெரியும், பீப்பும் வரும். மேலே செவந்து அடியில் பச்சை என்ற படங்களுக்கு இது ஒரு முக்கியக் காரணம். எலிமென்ட் தளத்துக்கு அடியில் மறைந்திருக்கும் மாடல் என்றால் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

விளக்கு எரிகிறது, கடிகாரம் ஓடுகிறது, சூடு மட்டும் வரவில்லை என்றால் வீட்டு மின்பெட்டியில் இருக்கும் பிரேக்கரைப் பாருங்கள். ஓவனுக்கு 240 வோல்ட், இரட்டைப் பிரேக்கர். முழுதாக அணைத்து ஒருமுறை போடுங்கள். மறுபடி விழுந்தால் திரும்பத் திரும்பப் போடாதீர்கள், எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

கேஸ் ஓவன்: ஆன் செய்ததும், நெருப்பைப் பற்றவைக்கும் இக்னைட்டர் ஆரஞ்சு நிறத்தில் கனன்று, பிறகு குப்பென்று நெருப்புப் பற்றும். கனன்றுகொண்டே இருந்து ஒன்றரை நிமிடம் ஆகியும் பற்றவில்லை என்றால் இக்னைட்டர் பலமிழந்துவிட்டது. கனல்கிறதே, நன்றாகத்தானே இருக்கிறது என்று ஏமாந்துபோகிற இடம் இது. கேஸ் வால்வைத் திறக்கும் அளவுக்கு அது மின்சாரம் இழுக்க வேண்டும். பழசானால் கனலும், வால்வு திறக்காது. இதில் கை வைக்காதீர்கள். கேஸ் வாடை தங்கினால் சுவிட்சுகளைத் தொடாமல் எல்லோரும் வெளியே போய், அங்கிருந்து கேஸ் நிறுவனத்தையோ அவசர உதவி எண்ணான 911-ஐயோ அழையுங்கள்.

வாடகை வீடு என்றால் அடுப்பு வீட்டுக்காரருடையது. அபார்ட்மென்ட் அலுவலகத்தில் பராமரிப்புக்கு எழுதிக் கொடுங்கள், தெர்மாமீட்டர் காட்டும் படத்தையும் இணைத்து. "ஓவன் சரியில்லை" என்று எழுதினால் ஒருவர் வந்து ஆன் செய்து பார்த்து, வேலை செய்கிறதே என்று போய்விடுவார். "400 வைத்தால் 330 காட்டுகிறது" என்றால் கருவியோடு வருவார்.

## மேலே கருகிவிட்டது, நடுவில் சில்லென்று இருக்கிறது

மேல்தட்டில் வைத்தீர்களா? கீழ்ப்பாதிக்கு இறக்குங்கள். மேல்தோல் வேண்டிய நிறத்துக்கு வந்ததும் ஃபாயிலைக் கூடாரம் போலத் தளர்வாக மூடி மீதி நேரம் வேகவிடுங்கள்.

கன்வெக்‌ஷன் ஆன் ஆகியிருக்கிறதா? விசிறி ஓடினால் பெட்டியில் போட்டதைவிட 25 டிகிரி குறைக்க வேண்டும். சில புது ஓவன்கள் தாமே குறைத்துக்கொள்ளும், பேனலில் அப்படிக் காட்டும்.

உறைந்ததை, இளகியதற்கான நேரத்தில் சுட்டீர்களா? அப்படியானால் 350-க்குக் குறைத்து இன்னும் 15, 20 நிமிடம் வையுங்கள். சூட்டை ஏற்றி அவசரப்படுத்தினால் கருகுவதுதான் கூடும்.

நடுவில் சூடு பார்க்கும்போது மேலிருந்து குத்தாதீர்கள். ஒரு முனையிலிருந்து நீளவாக்கில், சுருளின் மையத்துக்குப் போகிற மாதிரி செலுத்துங்கள். உருகிய சீஸ் குட்டையில் முனை பட்டால் 180 காட்டும், பக்கத்திலேயே மாவு 140-இல் கிடக்கும். இரண்டு மூன்று இடத்தில் பார்த்து, குறைந்த எண்ணை நம்புங்கள்.

ஏர் ஃப்ரையரில் முழு ரொட்டியையும் திணிக்கிறவர்களுக்கு இந்த அறிகுறி நிச்சயம். காற்று சுற்ற இடமில்லை. துண்டுகளுக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

## சீஸ் வெளியே ஒழுகிப் புகைகிறது

மடிப்பு எந்தப் பக்கம் இருக்கிறது? சுருட்டி முடித்த ஓரம் அடியில் இருக்க வேண்டும். பக்கவாட்டில் திரும்பியிருந்தால் சீஸ் அந்த வழியாக வரும். உருட்டித் திருப்புங்கள். முனைகள் பிரிந்திருந்தால் விரலில் தண்ணீர் தொட்டுக் கிள்ளி ஒட்டுங்கள். பச்சை மாவில்தான் இது நடக்கும், சுட்ட வகையில் ஒட்டாது.

கீறல் இருக்கிறதா? ஆவி மேலே போக வழியில்லை என்றால் பலவீனமான பக்கத்தைக் கிழித்துக்கொண்டு வரும். உறைந்து கல்லாக இருக்கும்போது கீறப் போய்க் கையை வெட்டிக்கொள்ளாதீர்கள். பத்து நிமிடம் ஓவனில் இருந்து மேல்பகுதி இளகியதும் வெளியே எடுத்துக் கீறலாம்.

நேரம் தாண்டிவிட்டதா? நடு வெந்து சீஸ் ஒழுக ஆரம்பித்துவிட்டால் அது முடிந்தது. இன்னும் ஐந்து நிமிடம் என்று விடுவதில் பயனில்லை.

விளிம்புள்ள ட்ரேயில் வைத்தால் ஒழுகினாலும் தரையில் விழாது. ஒழுகுவதைப் பிடிக்கக் கீழ்த்தட்டில் இன்னொரு ட்ரே வைக்கிறவர்கள், அது முழு அகலத்தையும் மறைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். மறைத்தால் முதல் அறிகுறிக்கே திரும்பிப் போய்விடுவீர்கள்.

ஒழுகிய சீஸ் ஓவன் தளத்தில் தீப்பிடித்தால் கதவைத் திறக்கக் கூடாது. ஓவனை அணைத்து, கதவை மூடியபடியே விடுங்கள், காற்றில்லாமல் தானாக அடங்கும். தண்ணீர் ஊற்ற வேண்டாம். அடங்காமல் வெளியே வந்தால் எல்லோரும் வீட்டை விட்டு இறங்கி 911. வெறும் புகைதான் என்றால் ஜன்னலைத் திற, விசிறியைப் போடு. புகை அலாரத்தின் பேட்டரியைக் கழற்றிவிட்டு மறந்துபோகிற வேலை மட்டும் கூடாது.

ஓவன் ஆறியதும் பிளாஸ்டிக் கரண்டியால் சுரண்டி எடுத்துவிடுங்கள். விட்டால் அடுத்த தடவை எதைச் சுட்டாலும் புகையும், அப்போது அந்த ரொட்டி மேல் பழி விழும்.

## வெட்டினால் சுருள் பிரிந்து உள்ளிருப்பது கொட்டுகிறது

பொறுமை இல்லாததுதான் காரணம். பத்து நிமிடம் கம்பித் தட்டில் ஆறவிட்டால் சீஸ் கொஞ்சம் இறுகி அடுக்குகளைப் பிடித்துக்கொள்ளும். ட்ரேயிலேயே ஆறவிட்டால் அடியில் ஆவி தங்கி, கஷ்டப்பட்டு முறுக வைத்தது மறுபடி நனையும். அரம் போலப் பல் உள்ள ரொட்டிக் கத்தியால் அழுத்தாமல் அறுங்கள்.

மேல்தோலுக்கும் உள்ளடக்கத்துக்கும் நடுவே பெரிய குகை இருந்தால் அது சுருட்டிய ஆலையில் வந்தது. நீங்கள் செய்வதற்கு ஒன்றுமில்லை. பெட்டிப் படத்தில் இருப்பதில் பாதி அளவு கூட உள்ளே இல்லை என்றால் படம் எடுத்துக் கடையில் காட்டலாம்.

## ஒரு பக்கம் மட்டும் கருகுகிறது

பாதி நேரத்தில் ட்ரேயை முன்பின்னாகத் திருப்புங்கள். எல்லா ஓவனிலும் ஒரு மூலை சூடு அதிகம். எதைச் சுட்டாலும் கதவுப் பக்கம் மட்டும் வெளுத்துப்போனால் கதவின் ரப்பர் பட்டையைப் பாருங்கள். கிழிந்தோ கெட்டித்தோ போயிருந்தால் மாற்ற வேண்டும். பல மாடல்களில் கையாலேயே இழுத்து மாற்றிவிடலாம்.

## தோல் மாதிரி இழுபடுகிறது

மைக்ரோவேவில் வைத்தீர்கள். வேறு காரணம் தேட வேண்டியதில்லை. வைத்த இரண்டு நிமிடம் மெத்தென்று இருக்கும், ஆற ஆற ரப்பராகும். அவசரம் என்றால் ஒரு துண்டை 20, 30 வினாடி மட்டும் மைக்ரோவேவில் வைத்து நடுவைச் சூடாக்கி, உடனே காய்ந்த தோசைக்கல்லில் போட்டு இரண்டு பக்கமும் முறுகவிடுங்கள். எண்ணெய் வேண்டாம், உள்ளே இருப்பதே போதும். ஏர் ஃப்ரையர் இருந்தால் 350-இல் ஐந்தாறு நிமிடம்.

மிச்சமானதை இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்து, மூன்று நான்கு நாளுக்குள் முடித்துவிடுங்கள். மறுபடி சூடாக்கும்போதும் நடுவில் 165.

## உப்பு கரிக்கிறது, எண்ணெய் மிதக்கிறது

பெப்பரோனியும் சீஸும் சேர்ந்தால் அப்படித்தான். இது பழுதில்லை. ஆனால் பெட்டியில் சோடியம் அளவு படிக்கும்போது அது முழு ரொட்டிக்கா, ஒரு பங்குக்கா என்று பாருங்கள். ஒரு ரொட்டியில் நான்கைந்து பங்கு என்று போட்டிருப்பார்கள், நாம் இரண்டு பேர் உட்கார்ந்து முடித்துவிடுவோம். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 2,300 மில்லிகிராமுக்குள் என்பது அமெரிக்க அரசின் கணக்கு. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவர்கள் வீட்டில் இருந்தால் இது கவனிக்க வேண்டிய விஷயம்.

எண்ணெயைக் குறைக்க, கம்பித் தட்டின் மேல் டிஷ்யூ விரித்துத் துண்டுகளைச் சாய்த்து வையுங்கள். உப்புக்கு உப்பில்லாத தக்காளி சாஸ் தொட்டுக்கொள்ளலாம். வெள்ளரிக்காய் பச்சடி இன்னும் பொருத்தம், இத்தாலிய-அமெரிக்கர்கள் மன்னிக்கட்டும்.

## உள்ளே இருப்பது நாம் நினைத்தது இல்லை

சமையல் கோளாறு இல்லைதான், ஆனால் நம் வீடுகளில் இதற்காகக் குப்பைக்குப் போன ரொட்டிகளே அதிகம்.

பெப்பரோனி என்று மட்டும் போட்டிருந்தால் பன்றியும் மாடும் கலந்தது என்று எடுத்துக்கொள்ளுங்கள். மாடு மட்டும் என்றாலோ வான்கோழி என்றாலோ அதன் பெயரிலேயே சொல்லியிருப்பார்கள். முன்பக்கப் படத்தை நம்பாமல் பின்பக்கப் பட்டியலைப் படியுங்கள். அமெரிக்க வேளாண் துறையின் வட்ட முத்திரை இருந்தால் உள்ளே இறைச்சி உண்டு. முத்திரை இல்லாததால் சைவம் என்று முடிவு கட்ட முடியாது, கொஞ்சமாகச் சேர்த்தால் அந்த முத்திரை தேவைப்படாது.

கீரையும் சீஸும் மட்டும் உள்ள வகையிலும் கண்டிப்பான சைவர்கள் ஒரு வரி பார்க்க வேண்டும். சீஸுக்கு நேரே வெறுமனே 'என்சைம்' என்று போட்டிருந்தால் அது கன்றுக்குட்டி வயிற்றிலிருந்து எடுத்த, பாலைத் திரிய வைக்கும் ரெனெட்டாக இருக்கலாம், நுண்ணுயிர் வழி எடுத்ததாகவும் இருக்கலாம். தயாரிப்பாளரிடம் கேட்டால் ஒழியத் தெரியாது. எள் ஒவ்வாமை இருப்பவர்களுக்கு இந்த இறைச்சியில்லாத வகையில் 2023 ஜனவரி 1 முதல் வேலை எளிது, எள் இருந்தால் பெட்டியில் வெளிப்படையாகக் குறிப்பிட்டே ஆக வேண்டும்.

## உறை உப்பியிருக்கிறது, வாடை அடிக்கிறது, உள்ளே பனிக்கட்டி

பனித்தூள் கொஞ்சம்: ஃப்ரீசரில் நாள் ஆகியிருக்கிறது. உண்ணலாம், கொஞ்சம் வறண்டிருக்கும்.

அடியில் கட்டிப் பனி, ரொட்டி வளைந்து உருமாறியிருக்கிறது: எங்கோ இளகி மறுபடி உறைந்திருக்கிறது. எவ்வளவு நேரம் சூட்டில் கிடந்தது என்று யாருக்கும் தெரியாது. திருப்பிக் கொடுங்கள்.

குளிர்ப்பெட்டி வகையில் உறை லேசாக உப்பல்: பச்சை மாவில் ஈஸ்ட் இருப்பதால் கொஞ்சம் காற்று சேருவது இயல்பு. பலூன்போல் விறைத்திருந்தாலோ, தேதி தாண்டியிருந்தாலோ, பிரித்ததும் புளித்த வாடைக்கு மேலே அழுகல் வாடை வந்தாலோ ருசி பார்க்கவே வேண்டாம். சுட்ட வகையில் எந்த உப்பலும் கூடாது.

கார் டிக்கியில் மறந்தது: இரண்டு மணி நேரத்துக்கு மேல் என்றால் குப்பை. வெளியே 90 டிகிரிக்கு மேல் வெயில் என்றால் ஒரு மணி நேரம்தான். மேற்கு வெர்ஜீனியாவின் ஃபேர்மாண்டில் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் பெப்பரோனி ரோலைச் சாப்பாட்டு டப்பாவில் எடுத்துப்போனார்களே, இதுவும் தாங்காதா என்று ஒருவர் வாதாடினார். அந்தப் பழைய ரோல் ரொட்டிக்குள் உலர்ந்த பெப்பரோனி மட்டும் வைத்துச் சுட்டது. இதில் ஈரமான சீஸும் ஹாமும் இருக்கின்றன, சிலவற்றில் மாவும் பச்சை. இரண்டும் ஒன்றில்லை.

மின்சாரம் போனது: கதவைத் திறக்காமல் இருந்தால் ஃப்ரிட்ஜ் 4 மணி நேரம் தாங்கும். நிறைந்த ஃப்ரீசர் 48 மணி நேரம், பாதி நிறைந்தது 24 மணி நேரம்.

திருப்பிக் கொடுக்க ரசீதும் பெட்டியும் வேண்டும். ரொட்டியைத் தூக்கிப் போட்டாலும் தேதியும் எண்ணும் அச்சடித்த பக்கத்தைக் கிழித்து வைத்துக்கொள்ளுங்கள். தள்ளுபடிக் கடைகள் பலவற்றில் சொந்த முத்திரைச் சரக்குக்கு அதிகம் கேள்வி கேட்காமல் பணம் தருவார்கள், சில இடங்களில் மாற்றுப் பொருளும் சேர்த்துத் தருவார்கள். இறைச்சி உள்ள ரொட்டியைப் பற்றிச் சந்தேகம் என்றால் வேளாண் துறையின் உதவி எண் 1-888-674-6854.

சாப்பிட்ட பிறகு மலத்தில் ரத்தம், 102 டிகிரிக்கு மேல் காய்ச்சல், மூன்று நாளுக்கு மேல் வயிற்றுப்போக்கு, தண்ணீர் கூட நிற்காத வாந்தி, இவற்றில் ஒன்று இருந்தாலும் டாக்டரைப் பாருங்கள். கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள், வயதானவர்கள் விஷயத்தில் அதுவரை காத்திருக்காமல் முதல் நாளே போன் செய்துவிடுங்கள். பெட்டியிலிருந்து கிழித்து வைத்த அந்தப் பக்கத்தையும் கையோடு எடுத்துப் போங்கள்.